மாமியாருக்கு வைரஸ் காய்ச்சல், ஸ்டென்ட் வெச்சவங்க: மாத்திரையோட கஷாயமும் கொடுக்கலாமா?

சத்துவாச்சாரி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி மழைக்கு அப்புறம் எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இருமல். முந்தாநாள் ராத்திரி என் மாமியாருக்கும் காய்ச்சல் ஆரம்பிச்சுது. உடம்பெல்லாம் வலி, தொண்டை கரகரப்பு, வறட்டு இருமல். வயசு 66. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. போன வருஷம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், சுகருக்கு மெட்ஃபார்மின் தினமும் போடறாங்க. பிரஷர் மாத்திரையில தண்ணி பிரியற மருந்தும் சேர்ந்திருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நேத்து பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். வைரஸ் காய்ச்சல்தான்னு சொல்லி பாரசிட்டமாலும் இருமல் சிரப்பும் கொடுத்தாங்க.

இன்னிக்குக் காலையில மாமியாரோட அக்கா, எங்க பெரியம்மா, ஒடுகத்தூர்ல இருந்து பஸ்ஸேறி வந்துட்டாங்க. கையில ஒரு பை. கபசுரக் குடிநீர்ப் பொடி, அதிமதுரம், ஆடாதோடை இலை, மலைத்தேன், அப்புறம் பேர் எதுவும் போடாத ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலம் மூச்சிரைப்புக்காம். எல்லாத்தையும் ஒண்ணா கொதிக்க வெச்சு மூணு வேளையும் கொடுக்கணும்ங்கறாங்க. என் வீட்டுக்காரர் "மாத்திரை போதும், வேற எதுவும் உள்ள போகக் கூடாது"ன்னு கத்தறார். மாமியார் அக்கா பக்கம். யார் பேச்சைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

7 வயசுப் பையனும் இருமறான். நாத்தனார் அஞ்சு மாசம் முழுகாம இருக்கா, வாந்தி நிக்கலைன்னு தாய் வீட்டுக்கு வந்திருக்கா. தடுப்புக்காக அவளுக்கும் அரை டம்ளர் கொடுக்கணும்ங்கறாங்க பெரியம்மா. கொடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுப்பை இன்னும் பத்த வைக்கலை.

ஆம்பூர் வாசகன்:

தாராளமா கொடுங்க சிஸ்டர். 2020ல எங்க தெருவுக்கே அண்டாவுல காய்ச்சி கபசுரக் குடிநீர் ஊத்தினாங்க. அரசாங்கமே கொடுத்தது. எங்க வீட்டுல எல்லாரும் குடிச்சோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது.

ராணிப்பேட்டை லேப்காரன்:

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. கஷாயம் வைரஸைக் கொல்லும்னு எந்த நிரூபணமும் கிடையாது. வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துல தானா இறங்கும், பேரு மட்டும் கஷாயத்துக்குப் போகும். எல்லாத்தையும் குப்பையில போடுங்க.

குடியாத்தம் மருந்துக்கடை:

தங்கச்சி, அடுப்பு பத்த வைக்கலைன்னு படிச்ச பிறகுதான் எனக்கு மூச்சு வந்துது. அந்தப் பேரில்லாப் பொட்டலத்தைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. தூக்கிப் போட வேணாம், காட்ட வேண்டியிருக்கும். காரணம் அப்புறம் சொல்றேன்.

குடியாத்தத்துல எங்க நயினா ஆரம்பிச்ச நாட்டு மருந்துக் கடையை இப்ப நான் பாத்துக்கறேன். டி.பார்ம் படிச்சவ. கல்யாணத்துக்கு முன்னாடி இங்கிலீஷ் மருந்துக் கடை கவுண்டர்லயும் நின்னிருக்கேன். கஷாயப் பொடி வித்துத்தான் எங்க வீட்டுல அடுப்பெரியுது. அப்படிப்பட்ட நான் சொல்றேன்: உங்க மாமியார் என் கடைக்கு வந்திருந்தா, அந்தப் பையில இருக்கற எதையும் அவங்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆனா கஷாயத்தை விட அவசரமான சேதி ஒண்ணு இருக்கு. அதை முதல்ல முடிச்சிடுவோம். 66 வயசு, சுகர், ஸ்டென்ட். இவங்களுக்கு வந்திருக்கறது இன்ஃப்ளூயன்ஸாவா, அதாவது ஃப்ளூவா இருந்தா, அதுக்குன்னே ஓசல்டாமிவிர்னு மாத்திரை இருக்கு. காய்ச்சல் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள தொடங்கினா நல்லா வேலை செய்யும். இவங்க மாதிரி ஆபத்து கூடின ஆளுக்குத் தாமதமா தொடங்கினாலும் பலன் உண்டு, ஆனா சீக்கிரம் தொடங்கறதுதான் நல்லது. முந்தாநாள் ராத்திரி ஆரம்பிச்ச காய்ச்சல்னா இன்னிக்கு ராத்திரியோட அந்த நேரம் முடியுது. கஷாயமா மாத்திரையான்னு வீட்டுல சண்டை போட்டுக்கினு இருக்கறப்ப இந்த நேரம் போயிடும். இப்பவே கிளம்புங்க. அவங்க இதய டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கே போங்க. ஸ்டென்ட் இருக்கு, சுகர் இருக்குன்னு வாசல்லயே சொல்லுங்க. "ஃப்ளூ டெஸ்ட் வேணுமா, ஓசல்டாமிவிர் தொடங்கணுமா?"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. மழைக்காலம்ங்கறதால டெங்குவுக்கும் பாத்துடச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை போடறவங்களுக்கு, டெங்குவால தட்டணுக்களும் (பிளேட்லெட்) இறங்கினா ரத்தக்கசிவுன்னு அது வேற கதையா போயிடும். அதுக்காக குளோபிடோக்ரெலையோ ஆஸ்பிரினையோ நீங்களா நிறுத்திடாதீங்க. ஸ்டென்ட் அடைச்சுக்கும்.

பையோட எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க. இதெல்லாம் வீட்டுல இருக்குன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. திட்டுவாங்கன்னு நிறைய பேர் மறைச்சிடறாங்க.

இப்ப கஷாயத்துக்கு வரேன். ஆம்பூர் அண்ணன் மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாதுங்கறார். ராணிப்பேட்டைத் தம்பி அதுக்கு விளைவே கிடையாதுங்கறார். ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியலை. ஆடாதோடையையே எடுத்துக்குவோம். அந்த இலையில வாசிசின்னு ஒரு சத்து இருக்கு. அதைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின்ங்கற சளி மருந்தை உண்டாக்கினாங்க. உடம்புக்குள்ள புரோம்ஹெக்சின் மாறுறப்ப வர்றதுதான் அம்ப்ராக்சால். உங்க மாமியாருக்குக் கொடுத்த சிரப் அட்டையைத் திருப்பிப் பாருங்க, அந்தப் பேர் இருந்தாலும் இருக்கும். அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருக்கும். அதனால அஞ்சு மாசத்துப் பொண்ணுக்கு ஆடாதோடை ஒரு முடக்கு கூட வேணாம். இது இங்கிலீஷ் வைத்தியம் கிளப்பிவிட்ட பயமில்லை. எங்க நயினா மாசமா இருக்கற பொண்ணுக்கு ஆடாதோடை கட்டவே மாட்டார். யாருக்குன்னு கேக்காம பொட்டலம் மடிக்கறவன் மருந்துக்கடை வெக்கக் கூடாதும்பார்.

கபசுரக் குடிநீர் 15 சரக்கு சேர்ந்தது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கிரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில் தண்டு, சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. இதுல கடுக்காய்க்கும் நம்ம ஊருக்கும் பழைய பந்தம். மருந்துக்கு எடுத்ததை விட தோல் பதனிடத்தான் நம்ம சீமையில கடுக்காய் மூட்டை மூட்டையா போச்சு. சரி, அது இருக்கட்டும். ஆடாதோடையும் நிலவேம்பும் கபசுரத்துல இருக்கு பாருங்க. அதனால உங்க நாத்தனாருக்குக் கபசுரமும் கிடையாது. தடுப்புக்குன்னு கேக்கவே வேணாம். மகப்பேறு டாக்டர்கிட்ட ஃப்ளூ தடுப்பூசி பத்திக் கேளுங்க. கர்ப்பிணிங்க போட்டுக்கலாம், போட்டுக்கறது நல்லது.

மாமியாருக்கு ஏன் வேணாம்ங்கறேன்னா, நிலவேம்பு பிரஷரையும் சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கும், தட்டணுக்கள் ஒட்டறதையும் குறைக்கும். சீந்திலும் சர்க்கரையை இறக்கும். திப்பிலியிலயும் மிளகிலயும் இருக்கற பைப்பெரின், கூடப் போற சில மாத்திரைகளை உடம்பு வழக்கத்தை விட அதிகமா உறிஞ்ச வெச்சிடும். அவங்க ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ரத்தத்துக்கும் மாத்திரை போடறாங்க. காய்ச்சல்ல சாப்பாடும் குறைஞ்சு கிடக்கும். அதே வேலையைச் செய்யற இன்னொண்ணை மூணு வேளை உள்ள விட்டா, ராத்திரியில தலை சுத்தி பாத்ரூம்ல விழுந்தாங்கன்னா யாரைக் கேக்கறது? அதிமதுரம் இதுக்கு நேரெதிர். அது பிரஷரை ஏத்தும், உடம்புல இருக்கற பொட்டாசியத்தை வெளிய தள்ளும். தண்ணி பிரியற மாத்திரைகள்ல பலதும் பொட்டாசியத்தை இழுக்கும். ரெண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நாலு நாள் வாயில அடக்கிக்கினு இருந்தா சாதாரண ஆளுக்குத் தொண்டைக்கு இதம்தான். இவங்களுக்கு வேணாம்.

பேரில்லாப் பொட்டலம். மூச்சிரைப்புக்குன்னு பேரும் தேதியும் உரிம எண்ணும் இல்லாம கையில இருந்து கைக்குப் போற பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கறது பரிசோதனையில பல தடவை மாட்டியிருக்கு. ஒரே ராத்திரியில இரைப்பு நின்னுடும், அதனாலதான் அதுக்கு அவ்ளோ பேரு. சுகர் இருக்கறவங்களுக்கு அது போனா சர்க்கரை எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. சித்த மருந்து எதுவானாலும் டப்பாவுல தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கணும். இல்லைன்னா தொடாதீங்க. என் கடையா இருந்தாலும் கேளுங்க.

அப்ப மாமியாருக்கு எதுவுமே இல்லையான்னா, இருக்கு. சமையல் அளவுல எல்லாம் கொடுக்கலாம். மிளகு ரசம், கொள்ளு ரசம், தூதுவளைத் துவையல், முசுமுசுக்கை போட்ட தோசை, கருப்பட்டி போடாத சுக்குமல்லிக் காப்பி. பனங்கற்கண்டும் சர்க்கரைதான், அதுவும் வேணாம். உப்புத் தண்ணியில தொண்டை கொப்புளிக்கட்டும். பெரியம்மா கையாலயே ரசம் வெக்கட்டும், அவங்க தங்கச்சி மனசாரக் குடிப்பாங்க.

சத்துவாச்சாரி மருமகள்:

அக்கா, ஆட்டோவுல போய்க்கிட்டே எழுதறேன். பையோட கிளம்பிட்டோம். வீட்டுக்காரர் இப்ப சத்தமே போடலை. பெரியம்மாவும் கூடவே வராங்க. பொட்டலத்தைப் பத்திக் கேட்டதுக்கு அழுதுட்டாங்க. அது அவங்களுக்கே வாங்கினதாம். பல மாசமா அதைத்தான் சாப்பிடறாங்களாம், இரைப்பு நல்லா கட்டுப்பட்டிருக்குன்னு தங்கச்சிக்கும் பாதி எடுத்துட்டு வந்திருக்காங்க. இனிமே தொட மாட்டேன்னு தூக்கி எறியப் பார்த்தாங்க, நான் பிடிச்சு வெச்சிருக்கேன்.

பையனைப் பத்தியும் சொல்லுங்க. பெரியம்மா நொச்சி இலையும் கற்பூரமும் போட்டு ஆவி பிடிக்க வெக்கணும்ங்கறாங்க.

குடியாத்தம் மருந்துக்கடை:

பெரியம்மாவையும் அதே டாக்டர்கிட்ட உக்கார வையுங்க. இது முக்கியம். பல மாசமா சாப்பிட்ட பொடியில ஸ்டீராய்டு இருந்திருந்தா, திடீர்னு நிறுத்தக் கூடாது. நம்ம உடம்பே சுரக்கற சுரப்பு அதுக்குள்ள சோம்பிப் போயிருக்கும். சட்டுனு விட்டா வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கறது எல்லாம் வரும். டாக்டர் பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். இரைப்புக்கு உறிஞ்சற மருந்து (இன்ஹேலர்) தருவாங்க, அது நேரா நுரையீரலுக்குப் போறது. அவங்களைத் திட்டாதீங்க. பாசத்துல கொண்டாந்தாங்க.

பையனுக்கு ஆவி வேணாம். கொதிக்கற பாத்திரம் கவுந்து தொடை, வயிறெல்லாம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போற குழந்தைங்க ஒவ்வொரு குளிர்காலத்துலயும் உண்டு. ஆவியால சளிக்காய்ச்சல் சீக்கிரம் போகுதுன்னு ஆய்வுகள்லயும் உறுதியா தெரியலை. பெரியவங்களுக்கு மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்ளோதான். கற்பூரம் அதை விட மோசம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் குழந்தைங்களுக்கு வலிப்பையே கிளப்பும். வயித்துக்குள்ள போனா ரொம்ப ஆபத்து; மூக்குல தடவறது, நெஞ்சுல அப்பறது, துணியில முடிஞ்சு மூக்குக்கிட்ட கட்டறது எதுவும் சின்னதுங்களுக்கு வேணாம். கடையில கைக்குழந்தைக்குன்னு கற்பூரம் கேட்டா நான் கொடுக்கறதில்லை.

உங்க பையனுக்குத் தேன் கொடுங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு டீஸ்பூன். குழந்தைங்க இருமலுக்குத் தேன் உதவுதுன்னு உலக அளவுல ஆய்வுகளைத் திரட்டிப் பாத்தவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் நாக்குல கூடத் தடவக் கூடாது. தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி அதுங்க குடல்ல நஞ்சு உண்டாக்கிடும். ஜவ்வாது மலைத் தேனா இருந்தாலும் அதேதான். இவன் ஏழு வயசுக்காரன், பயமில்லை. காய்ச்சல் வந்தா எடைக்குத் தக்க பாரசிட்டமால். ஆஸ்பிரின் கூடாது, வைரஸ் காய்ச்சல்ல குழந்தைங்க மூளையையும் ஈரலையும் தாக்கற ஒரு வியாதி அதனால வரலாம்.

அவன் தூங்கறப்ப சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்க. முழுசா ஒரு நிமிஷம். அஞ்சு வயசுக்கு மேல நிமிஷத்துக்கு 30க்கு மேல போனாலோ, விலாவுக்குக் கீழ உள்ள இழுத்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40, ரெண்டு மாசம் முடிஞ்ச கைக்குழந்தைக்கு 50. இதைப் படிக்கற மத்த அம்மாங்களுக்காகவும் எழுதறேன். தெர்மாமீட்டர் பாக்கறோம், மூச்சை யாரும் எண்றதில்லை.

ராணிப்பேட்டை லேப்காரன்:

அக்கா, நீங்க சொன்ன பக்க விளைவெல்லாம் சரி. ஆனா மூலிகை வைரஸ் காய்ச்சல்ல நிஜமாவே உதவுதுன்னு முறையான ஆய்வு ஒண்ணாவது இருக்கா?

குடியாத்தம் மருந்துக்கடை:

இருக்கு தம்பி. 2009ல எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவினப்ப சீனாவுல 410 பேரை நாலு பிரிவா பிரிச்சு பாத்தாங்க. ஒரு பிரிவுக்கு ஓசல்டாமிவிர், ஒரு பிரிவுக்கு அவங்க பாரம்பரியக் கஷாயம், ஒரு பிரிவுக்கு ரெண்டும், கடைசிப் பிரிவுக்கு ரெண்டுமே இல்லை. காய்ச்சல் தணிய எதுவும் இல்லாதவங்களுக்கு 26 மணி நேரம், ஓசல்டாமிவிர்ல 20, கஷாயத்துல 16, ரெண்டும் சேர்ந்து 15. 2011ல அமெரிக்காவோட பெரிய மருத்துவ இதழ்ல வந்துது. அந்தக் கஷாயத்துல அதிமதுரமும் ஒரு சரக்கு. ஆனா அது லேசான காய்ச்சல்காரங்ககிட்ட செஞ்சது. பொய்க் கஷாயம் கொடுத்து ஒப்பிடலை. அதுல இருக்கற எஃபெட்ராங்கற செடி பிரஷரை ஏத்தும், ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஆகாது.

நிலவேம்பு பத்தியும் சளிக்காய்ச்சல்ல ஆய்வுகள் நிறைய இருக்கு. இருமலும் தொண்டை வலியும் குறையறதா சொல்லுது, ஆனா பலதும் தரம் குறைஞ்சது. தாய்லாந்துல கொரோனா நேரத்துல லேசான நோயாளிங்களுக்கு அரசாங்கமே நிலவேம்பைக் கொடுத்துது. ஆஸ்திரேலியாவுல அதே செடியால கடுமையான ஒவ்வாமை வரலாம்னு அரசு எச்சரிச்சிருக்கு. ரெண்டு நாட்டு சேதியும் ஒரே செடியைப் பத்தினதுதான். அதைத்தான் நான் சொல்லிக்கினே இருக்கேன். அதுக்கு பலம் இருக்குன்னு நம்பறவங்க அளவு பாக்கணும், ஆள் பாக்கணும். நுரையீரல்ல இறங்கிட்ட நிமோனியாவைக் கஷாயம் மட்டுமே குணமாக்கினதா எந்த ஆய்வையும் நான் படிச்சதில்லை.

ஆற்காடு சித்த மருத்துவர்:

குடியாத்தம் அம்மா சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற சித்த மருத்துவன் நான். மூன்று கருத்துகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

கபசுரக் குடிநீரை 5 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் விட்டு, 60 மில்லியாக வற்றக் காய்ச்சி, வடிகட்டி, அன்றன்று குடிக்க வேண்டும். காய்ச்சிய மூன்று மணி நேரத்துக்குள் குடிப்பதே முறை. காலையில் காய்ச்சி இரவு வரை வைத்துக் குடிப்பதும், கூடவே அதிமதுரம், ஆடாதோடை என்று கைக்கு வந்ததைச் சேர்ப்பதும் சித்த மருத்துவம் ஆகாது. நோயில்லாதவர் மாதக்கணக்கில் குடிப்பதும் வேண்டாம்.

அடுத்து சீந்தில். மும்பையில் சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் பாதித்ததாக 2021இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அது சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கொடியைச் சரியாக இனம் காணாமல் வீட்டுப் பக்கம் வெட்டிக் குடிப்பதுதான் அங்கே எனக்குத் தெரியும் ஆபத்து.

மூன்றாவது, ஸ்டென்ட் வைத்தவருக்கு முற்றிலும் கூடாது என்பதை நான் சற்றுத் தளர்த்துவேன். பாதி அளவு, மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து, மருத்துவரின் பார்வையில் சில நாள் தரலாம். நோயாளி நம்பிக் கேட்கும் மருந்தை முழுவதும் மறுத்தால் அவர் ஒளித்து வைத்துக் குடிப்பார். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் மருந்துக்கடை:

ஐயா, வணக்கம். அளவு பத்திச் சொன்னதுக்கு நன்றி, கடையில நானும் அதையேதான் சீட்டுல எழுதிக் கொடுக்கறேன். ஒளிச்சுக் குடிப்பாங்கங்கறதும் நிஜம்.

ஆனா ரெண்டு மணி நேர இடைவெளி இந்த இடத்துல போதாதுன்னு எனக்குப் படுது. கடுக்காயோட துவர்ப்பு வயித்துல மாத்திரையைப் பிடிச்சுக்கற மாதிரி விஷயத்துக்கு இடைவெளி உதவும். தட்டணு ஒட்டறதைக் குறைக்கற வேலை ரத்தத்துல நடக்கறது. குளோபிடோக்ரெல் ஒரு தடவை போட்டா அதோட வேலை பல நாள் நிக்கும். காலையில மாத்திரை, மதியம் கஷாயம்னு பிரிச்சாலும் ரெண்டும் உள்ள சந்திச்சுக்கும். கண் முன்னாடி வெச்சுப் பாக்க உங்களை மாதிரி சித்த டாக்டரும் இதய டாக்டரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கினா நானும் சரிம்பேன். நம்ம ஊர்ல எத்தனை வீட்டுக்கு அது கிடைக்குது? ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலதுல சித்தா பிரிவு ஒரே வளாகத்துல இருக்கு, ஆனா நோயாளி சீட்டு ஒரு அறையில இருந்து இன்னொரு அறைக்குப் போறதில்லை. அது நடந்தா எங்க கடை வியாபாரம் பாதி குறையும். குறையட்டும். அதுதான் எனக்கு வேணும்.

சீந்தில் விஷயத்துல நீங்க சொன்ன இனம் மாறற ஆபத்து இருக்கு. ஆனா ஈரல் கோளாறு இருக்கறவங்களும், உடம்பே உடம்பைத் தாக்கற வியாதி இருக்கறவங்களும் சரியான சீந்திலையும் தவிர்க்கறது நல்லதுன்னு நான் நினைக்கறேன். எந்தக் கஷாயமானாலும் குடிச்ச பிறகு கண் மஞ்சளாச்சுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு ஈரல் டெஸ்ட் பாக்கணும்.

சத்துவாச்சாரித் தங்கச்சியோட வீட்டுக்காரருக்கு வேற வியாதி, வேற மாத்திரை இல்லைன்னா, சளி பிடிச்சா அவர் மூணு, நாலு நாள் கபசுரம் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபமே இல்லை. நான் இந்தக் குடும்பத்துல வேணாம்னு சொன்னது மத்தவங்களுக்குத்தான்.

சத்துவாச்சாரி மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் கழிச்சு எழுதறேன். டெஸ்ட்ல 'இன்ஃப்ளூயன்ஸா A' வகைன்னு வந்துது. அன்னிக்கு ராத்திரியே ஓசல்டாமிவிர் ஆரம்பிச்சுட்டாங்க, 75 மில்லிகிராம் ரெண்டு வேளை, அஞ்சு நாளைக்கு. டெங்கு இல்லை, தட்டணு நல்லா இருக்கு. காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆக்சிஜன் பாக்கற கருவி வாங்கிக் கொடுத்து, 94க்குக் கீழ போனா உடனே வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. ஒரு தடவையும் போகலை.

பையைப் பாத்து டாக்டரம்மா திட்டலை அக்கா. ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்து, எது எதுன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. பெரியம்மாவுக்கு ரத்தத்துல ஏதோ சுரப்பு அளவு பாத்தாங்க, குறைவா இருக்காம். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. இப்ப அவங்கதான் எங்க வீட்டு சமையல். தினமும் கண்டந்திப்பிலி ரசம். இருமல் மட்டும் மாமியாருக்கு இன்னும் இருக்கு.

குடியாத்தம் மருந்துக்கடை:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அந்த டாக்டரம்மாவுக்கு நல்லா இருக்கட்டும். ஃப்ளூ போன பிறகும் வறட்டு இருமல் ஒரு ரெண்டு, மூணு வாரம் இழுக்கும், பயப்படாதீங்க. காய்ச்சல் திரும்பி வந்தாலோ, சளி மஞ்சளா பச்சையா மாறி நெஞ்சு வலிச்சாலோ திரும்பக் காட்டணும். ஃப்ளூவுக்குப் பின்னால நிமோனியா வர்றது அப்படித்தான். கண்டந்திப்பிலி ரசத்துல போடற அளவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா தினமும்னு சொல்றீங்களே, ஒருநாள் விட்டு ஒருநாள் வெக்கச் சொல்லுங்க. உடம்பு தேறின பிறகு ஃப்ளூ தடுப்பூசியை வருஷா வருஷமும், நிமோனியா தடுப்பூசியை டாக்டர் சொல்ற கணக்குலயும் கேட்டுப் போட்டுடுங்க.

பேரணாம்பட்டு மகன்:

அக்கா, எங்க அப்பாவும் இருமறார். பீடி சுத்தற தொழில், பீடி குடிக்கற பழக்கமும் உண்டு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சாயந்திரம் ஆனா லேசா காய்ச்சல் அடிக்குது. ஆடாதோடை மணப்பாகு (சிரப்) கொடுத்தா கொஞ்சம் தேவலாம்ங்கறார். அதையே தொடரலாமா, இல்லை கபசுரம் சேர்க்கலாமா?

குடியாத்தம் மருந்துக்கடை:

தம்பி, இதுக்கு ரெண்டும் வேணாம். ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்கு முதல்ல சளி டெஸ்ட். சாயந்திரக் காய்ச்சலும் சேர்ந்திருக்குன்னா காசநோயான்னு கட்டாயம் பாக்கணும். எடை குறைஞ்சிருக்கா, ராத்திரி வேர்க்குதா, சளியில ரத்தம் வருதான்னு கேளுங்க. எங்க குடியாத்தம் பக்கமும் பீடி சுத்தற வீடுங்கள்ல இப்படித்தான் மணப்பாகை வாங்கி வாங்கி மாசக்கணக்குல ஓட்டறாங்க. ஆடாதோடை சளியை இளக்கும், இருமல் கொஞ்சம் அடங்கும், அதனாலயே வியாதி உள்ள வளர்றது வெளிய தெரியாது. அதுக்குள்ள வீட்டுல இருக்கற குழந்தைக்கும் ஒட்டிக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்டும் இலவசம், காசநோய்னு தெரிஞ்சா ஆறு மாச மருந்தும் இலவசம். முழுசா சாப்பிட்டா குணமாகற வியாதி. காலையில எழுந்ததும் வர்ற சளியையும் ஒரு தடவை கொடுக்கணும், அதனால டப்பாவை முன்கூட்டியே வாங்கி வெச்சுக்குங்க. பீடி குடிக்கறவர்ங்கறதால நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலையிலயே கூட்டிக்கினு போங்க, ரிசல்ட் வந்ததும் இங்க எழுதுங்க.